கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களுக்கு வண்ணம் தீட்டல்

கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களுக்கு வண்ணம் தீட்டல் என்பது, கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்ட ஒளிப்படத்தின் மீது சாயம், நீர்வண்ணம் அல்லது எண்ணெய்வண்ணத்தைக் கையால் பூசி, அதனை நிறமுள்ள படமாக்கும் கலையாகும். வண்ணப் படச்சுருள் பரவும் வரை இது ஒளிப்பட நிலையங்களின் தொழிலாக இருந்தது. இன்று பெரும்பாலும் பொழுதுபோக்குக் கைவினையாகப் பயிலப்படுகிறது. தமிழ்நாட்டில் ஒளிப்பட நிலையத்துக்கும் ஓவியத்துக்கும் இருந்த நெருக்கத்திற்குக் கோவில்பட்டி ஓவியர்களின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

டகேரோவகை ஒளிப்படமுறை 1839 இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யொகான் பாப்டிஸ்ட் இசென்ரிங் என்பவர் அத்தகைய படங்களுக்கு நிறமேற்றினார். 1860களில் யப்பானின் யோகோகாமா நகரில் பெலிசு பியாட்டோவின் நிலையம் வண்ணம் தீட்டிய படங்களுக்குப் புகழ்பெற்றது. இந்தியாவில், அரசவைகளைச் சார்ந்து சிற்றோவியம் வரைந்து வந்த ஓவியர்கள் பலர் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பணிக்கு வந்தனர். அவர்களுட் சிலர் ஒளிப்படமே தெரியாதவாறு ஆடை, அணிகலன், பின்னணி ஆகியவற்றின் மீது அடர்வண்ணம் பூசினர்.

கோவில்பட்டி

கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் நிலப்பகுதியில், மானாவாரி வேளாண்மைக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் பெயர்பெற்ற நகரம். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் குழுவொன்றில் காட்சித் திரைகள் வரைந்து வந்தார். அக்குழு கலைந்த பின்னர் 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கினார். அவர் டி. எஸ். சுப்பையாவுடன் இணைந்து நடத்திய தேவி ஆர்ட் ஸ்டூடியோ, ஒளிப்பட நிலையமாகவும் ஓவியக் கூடமாகவும் விளங்கியது. அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் அண்மையிலுள்ள சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சாகித் தமிழகமெங்கும் பரவின. நாடகத் திரை, ஒளிப்படம், நாட்காட்டி ஓவியம் ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே ஓவியர் குழுவின் பணிகளாயின. முகத்தில் ஒளியும் நிழலும் மென்மையாகக் கலக்கும் முறை இம்மூன்றுக்கும் தேவையான திறனாகும்.

பொருட்களும் முறையும்

வண்ணம் தீட்டுவதற்கு மங்கலான பரப்புடைய தாளே ஏற்றது. வழவழப்பான தாளில் வண்ணம் பற்றாது. படத்தை வழக்கத்தைவிடச் சற்று வெளிறியதாக அச்சிடுவர். கருமையான பகுதிகளில் வண்ணம் தெரியாது என்பதே இதற்குக் காரணம். செப்பியா எனப்படும் பழுப்பு நிறத்துக்கு முதலில் மாற்றிக்கொண்டால் தோலின் நிறம் இயல்பாக அமையும்.

நீரில் கரையும் சாயத்தைத் தாளின் மேலுள்ள ஜெலட்டின் படலம் உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் அதனை நீக்குவது கடினம். ஆகவே மிகவும் நீர்த்த சாயத்தைப் பல முறை பூசி நிறத்தைச் சிறிது சிறிதாக அடர்த்தியாக்க வேண்டும். ஒளி ஊடுருவும் எண்ணெய்வண்ணம் தொடக்க நிலையினருக்கு எளிது. குச்சியில் சுற்றிய பஞ்சால் அதனைத் தடவி, மற்றொரு பஞ்சால் தேய்த்துச் சமப்படுத்துவர். எல்லை மீறிய வண்ணத்தை உலரும் முன் கர்ப்பூரத் தைலம் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். பின்னணி போன்ற பெரிய பரப்புகளை முதலிலும், முகத்தையும் ஆடையையும் அடுத்தும், கண், உதடு, நகை ஆகியவற்றை மெல்லிய தூரிகையால் இறுதியிலும் தீட்டுவது வழக்கம். எண்ணெய்வண்ணம் உலரச் சில நாட்கள் ஆகும். அதுவரை தூசு படியாமல் காக்க வேண்டும்.

நிறத்தைத் தெரிவு செய்தல்

கறுப்பு வெள்ளைப் படம் ஒளியின் அளவையே காட்டும், நிறத்தைக் காட்டாது. பழைய படச்சுருள்களும் கண்ணாடித் தகடுகளும் பல சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்புச் சேலையும் குங்குமமும் ஏறத்தாழக் கறுப்பாகவும், நீல நிறம் வெளிறியும் பதிந்தன. எனவே சாம்பல் நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு சேலையின் நிறத்தை அறிய இயலாது. அதனை நேரில் கண்டவர்கள் சொல்லக் கேட்டோ, வழக்கத்தை ஒட்டியோ, ஓவியரின் விருப்பப்படியோதான் நிறம் தரப்படுகிறது. இதனால் ஒரு குடும்பப் படத்தில் உள்ள முகத்தின் வடிவம் சான்றாகும்; சேலையின் நிறம் சான்றாகாது. பழைய படங்களைக் கொண்டு உடை வரலாற்றை ஆராய்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை

கோடாக் நிறுவனம் கோடாக்குரோம் வண்ணப் படச்சுருளை 1935 இல் வெளியிட்டது. ஆயினும் விலை காரணமாக இந்தியாவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் பல பத்தாண்டுகள் நீடித்தன. வண்ண அச்சு மலிவான பின்னர் கையால் தீட்டும் தொழில் அருகியது. இன்று கணினி மென்பொருள்கள் நொடிகளில் நிறமேற்றுகின்றன. அவை தரும் நிறமும் ஊகமே.

இக்கைவினையைப் பயில விரும்புவோர் வீட்டிலுள்ள பழைய படத்தின் மீது நேரடியாகத் தீட்டலாகாது. அதனை வருடிப் படியெடுத்து, மங்கலான தாளில் அச்சிட்ட படியின் மீதே தீட்ட வேண்டும். மூலப்படம் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். படி எத்தனையும் எடுக்கலாம். முன்பே வண்ணம் தீட்டப்பட்ட பழைய படங்களை நீர் கொண்டோ எண்ணெய் கொண்டோ துடைத்தல் கூடாது. சாயங்கள் ஒளியில் வெளிறக்கூடியவை என்பதால் வெயில் படாத சுவரில் அவற்றை மாட்டுவது நல்லது.