தில்லையாடி வள்ளியம்மை

தில்லையாடி வள்ளியம்மை (1898 பிப்ரவரி 22 – 1914 பிப்ரவரி 22) தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்று, 16 வயதில் உயிர்நீத்த தமிழ்ப் பெண். ஜோகன்னஸ்பர்க்கில் முனுசாமி முதலியார், மங்களம் இணையருக்குப் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகமான தில்லையாடி, பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கடைமடை ஊர். தரங்கம்பாடிக்கு அருகில் உள்ளது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது.

பின்னணி

1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினர். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் தலைக்கு ஆண்டுதோறும் 3 பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. பின்னர் 13 வயது கடந்த பெண்ணுக்கும் 16 வயது கடந்த பையனுக்கும் இவ்வரி விதிக்கப்பட்டது. தாய், தந்தை, இரு பிள்ளைகள் என்றால் 12 பவுன். தந்தையின் மாதக் கூலி 14 ஷில்லிங்கைத் தாண்டாது. ஆண்டு முழுதும் உழைத்தாலும் 9 பவுன் தேறாது. 1913 மார்ச்சில், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவும் செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்று கேப் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் பெண்களும் களமிறங்கினர்.

போராட்டமும் சிறையும்

காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் தாயுடன் சேர்ந்த வள்ளியம்மை, டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டால் சென்று போராடினார். 1913 டிசம்பரில் 3 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டார். கடும் காய்ச்சலோடு வெளிவந்தவர் தேறவே இல்லை. சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று படுக்கையருகே தாம் கேட்டபோது, மீண்டும் செல்லத் தயார் என்று அவர் விடையளித்ததைக் காந்தி பதிவு செய்துள்ளார். அவர் இறந்த சில மாதங்களில் தலைவரி ஒழிந்தது. இந்தியத் திருமணங்களும் சட்ட ஏற்புப் பெற்றன.

கறுப்பின மக்களின் போராட்டம்

அதே 1913இல் வந்த நிலச் சட்டம், ஆப்பிரிக்கர்கள் தம் மண்ணின் பெரும்பகுதியில் நிலம் வாங்கும் உரிமையைப் பறித்தது. ப்ளூம்ஃபான்டைனில் ஆப்பிரிக்கப் பெண்கள் அனுமதிச் சீட்டு வைத்திருக்க மறுத்துச் சிறை புகுந்தனர். ஆயினும் காந்தியின் இயக்கம் இந்தியர் கோரிக்கைகளோடு நின்றுவிட்டது. இவ்விடைவெளியைக் குறைக்க 1947 மார்ச் 9 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் சூமா, தென்னாப்பிரிக்காவின் இந்தியக் காங்கிரஸ் அமைப்புகளின் தலைவர்களான யூசுப் தாது, மான்ட்டி நாயக்கர் ஆகியோர் ஒத்துழைப்பு அறிக்கையில் கையெழுத்திட்டனர். மூவரும் மருத்துவர்கள் என்பதால் அது ‘டாக்டர்கள் உடன்படிக்கை’ எனப்படுகிறது. 1952இல் இரு அமைப்புகளும் சட்ட மறுப்பு இயக்கத்தைக் கூட்டாக நடத்தின. வள்ளியம்மையின் தியாகத்தை ப்ளூம்ஃபான்டைன் பெண்களின் தியாகத்தோடு சேர்த்துப் படிப்பதே வரலாற்றுக்கு நியாயம்.

நினைவு

1914 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கில் அவரது கல்லறைக் கல்லைக் காந்தி திறந்துவைத்தார். 1915இல் தில்லையாடிக்கும் வந்தார். இந்திய அஞ்சல் துறை 2008இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. தில்லையாடியில் தமிழக அரசின் நினைவு மண்டபம் உள்ளது.