பழைய ஹீத்கிட் வானொலிகள்: தரமும் பெறுமதியும்

வட அமெரிக்க நகரங்களில் நடக்கும் கராஜ் சேல்களில் சிலவேளைகளில் பச்சை நிறமான, கனத்த இரும்புப் பெட்டி ஒன்றை நாம் காண்பதுண்டு. முகப்பில் ‘ஹீத்கிட்’ என்று எழுதியிருக்கும். அது தொழிற்சாலையில் செய்து முடிக்கப்பட்ட வானொலி அல்ல. வாங்கியவரே தன் வீட்டு மேசையில் உதிரிப்பாகங்களை ஈயம் பற்றவைத்துப் பூட்டிய அமெச்சூர் வானொலி. அதன் பெறுமதியைக் கணிப்பவர் முதலில் இதனை மனங்கொள்ள வேண்டும்.

ஹீத் நிறுவனம் விமானம் கட்டும் தொழிலில் தொடங்கியது. நிறுவனர் எட்வர்ட் ஹீத் 1931இல் விமான விபத்தில் இறந்தார். பின்னர் ஹவார்ட் அந்தனி அதனை வாங்கி மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பருக்குக் கொண்டுசென்றார். இரண்டாம் உலகப்போரின் பின் இராணுவம் கழித்துவிட்ட இலத்திரனியல் பாகங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு 1947இல் அலைவுகாட்டி ஒன்றைப் பூட்டாத பாகங்களாகவே விற்கத் தொடங்கினார்கள். 1950களில் அமெச்சூர் வானொலிகள் வந்தன. டி.எக்ஸ்-60, எச்.டபிள்யூ-101 போன்றவை பெரும் எண்ணிக்கையில் விற்பனையாகின. 1992இல் இந்த வியாபாரம் நின்றது.

இவற்றின் பெரும் பலம் கையேடுதான். எந்தக் கம்பியை எங்கே பொருத்துவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லி, முடித்ததும் அடையாளமிடப் பக்கத்தில் ஒரு கட்டமும் தந்திருப்பார்கள். இலத்திரனியல் படிக்காதவரும் பூட்டி முடிக்கலாம். பூட்டியவருக்குப் பின்னாளில் அதைத் திருத்தவும் தெரிந்திருக்கும். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட எம்மவர்களுக்கு அந்த அறிவின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளின் தரம் ஒன்றாக இராது. மூடியைக் கழற்றி ஈயப்பற்றுகளைப் பாருங்கள். வழுவழுப்பாகப் பளபளத்தால் நல்ல கை. மங்கி உருண்டு திரண்டிருந்தால் பழுதுகள் காத்திருக்கின்றன. அடையாளமிட்ட கையேடு கூட இருந்தால் பெறுமதி கூடும். எச்.டபிள்யூ-101க்கு மின்வழங்கி தனிப்பெட்டி. அது இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 6146 போன்ற வால்வுகளை இன்றும் தேடிப் பெறலாம். எரிந்துபோன மின்மாற்றிக்கு மாற்றுக் கிடைப்பதே கடினம். பிரிக்கப்படாத பெட்டியோடு கூடிய கிட் என்றால் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள்.

வாங்கியவுடன் மின்னில் செருக வேண்டாம். பல ஆண்டுகள் சும்மா கிடந்த மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும், வெடிக்கவும் கூடும். உள்ளே மிக உயர்ந்த மின்னழுத்தம் ஓடும். மின்னைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம். அனுபவமுள்ள ஒருவரை வைத்தே திறவுங்கள். பேசுவதற்கு நாட்டின் அமெச்சூர் உரிமமும் வேண்டும்.

பணமாகப் பார்த்தால் பெரும்பாலான ஹீத்கிட்கள் பெரிய முதலீடு அல்ல. பிள்ளையை அருகில் இருத்தி, கையேட்டை விரித்து, ஒரு வானொலி எவ்வாறு இயங்குகிறது என்று காட்ட இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது.