பணிப்பாளர் சபையின் சுயாதீனமும் வங்கிகளின் வினைத்திறனும்

மலையகத்துக்கு வங்கி புதிதல்ல. ஹட்டன் நஷனல் வங்கியின் மூலவேர், 1888ஆம் ஆண்டு ஹட்டனில் தோட்டத்துரைமார் இருவர் ஆரம்பித்த சிறு வங்கியேயாகும். அன்று கடன் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே சில மைல் தூரமே இருந்தது. இன்றோ நாடளாவிய கிளைகளைக் கொண்ட வர்த்தக வங்கிகளின் பெரும் தீர்மானங்கள் கொழும்பிலேயே எடுக்கப்படுகின்றன. பூண்டுலோயாவில் ஒரு தொழிலாளி சேமிப்பை வைப்பிலிடுவதும் நகையை அடகு வைப்பதும் தாம் ஒருபோதும் கண்டிராத பணிப்பாளர் சபையொன்றை நம்பியேயாகும்.

கிளைகள் பரந்திருந்தால் ஆபத்தும் பரவிக் குறையும் என்பது பொதுவான கணிப்பு. 2008 டிசம்பரில் அக்கணிப்பு பொய்த்தது. செலிங்கோ குழுமத்தின் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தபோது, அக்குழுமத்தின் தலைவரையே தனது தலைவராகவும் கொண்டிருந்த செலான் வங்கியின் கிளைகளில் மக்கள் பணத்தை மீளப்பெறத் திரண்டனர். மத்திய வங்கி தலையிட்டு முகாமைத்துவத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது.

மத்திய வங்கியின் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பணிப்புரை இதற்கு ஓராண்டு முன்னரே வெளிவந்திருந்தது. சபையில் 7 முதல் 13 வரையானோர் இருக்க வேண்டும். குறைந்தது மூவர் அல்லது மூன்றிலொரு பங்கினர், இவற்றில் எது கூடுதலோ அத்தனை பேர், சுயாதீனமானவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் 9 ஆண்டுகளுக்கு மேல் பணிப்பாளராக நீடிக்கலாகாது என்றெல்லாம் அது விதித்தது. 2024இல் புதிய பணிப்புரையும் வந்துள்ளது.

ஆயினும், எண்ணிக்கை மட்டும் வினைத்திறனைத் தந்துவிடாது. ஈட்டும் வருமானத்தில் எவ்வளவு செலவாகிறது, கொடுத்த கடனில் எவ்வளவு அறவிட முடியாது போகிறது என்பவையே வினைத்திறனின் அளவுகோல்கள். சுயாதீனப் பணிப்பாளர் உரிமையாளரின் உறவினருக்குக் கடன் போவதைத் தடுக்கலாம். ஆனால் தொலைதூரக் கிளையைப் பற்றி முகாமைத்துவம் தரும் அறிக்கையே அவருக்குக் கண். வெளியார் என்பதால் அஞ்சாமல் கேட்கிறார். வெளியார் என்பதாலேயே எதைக் கேட்பதென்று அறியாதும் இருக்கிறார். கொழுந்து வரத்துக் குறையும் மாதங்களில் தோட்டப்புறக் கடன் தவணைகள் ஏன் பிந்துகின்றன என்பதைக் கணக்கேடு சொல்வதில்லை. கிளைகள் பெருகப் பெருக இந்த இடைவெளியும் பெருகும். எனவே உள்ளகக் கணக்காய்வாளர் முகாமையாளர் வழியாகவன்றி, சபையின் கணக்காய்வுக் குழுவுக்கு நேரடியாக அறிக்கையிடுவது இன்றியமையாதது.

இஸ்லாமிய வங்கிமுறையில் ஷரீஆ மேற்பார்வைச் சபையும் உண்டு. 2011இல் தொழிற்படத் தொடங்கிய அமானா வங்கி இதற்கு உதாரணம். அது மார்க்க இணக்கத்தைப் பார்க்கும். கடன் தரத்தைப் பார்ப்பது பணிப்பாளர் சபையின் பொறுப்பே. இரண்டையும் ஒன்றெனக் கருதும் வைப்பாளர்கள் நம்மிடையே உள்ளனர்.

அரச வங்கிகளின் நிலை வேறு. அங்கு நியமனம் அமைச்சரின் கையில். ஆட்சி மாறினால் சபையும் மாறுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தோட்டப்புறத்தை அறிந்த ஒருவரையேனும் அச்சபைகளில் அமர்த்துமாறு மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கோரலாமே.