தேன், சாராயம், ஃபார்மலின், வெல்லம்

கி.மு. 380. ஸ்பார்ட்டாவின் அரசன் அகெசிபொலிஸ் படையெடுத்துப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தான். நடுக்கோடை, ஊரோ வெகு தொலைவு. உடலைத் தேனில் இட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் எழுதியிருக்கிறார். நெல்லிக்காயைத் தேனில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைத்துத் தின்கிற நமக்கு இதில் வியப்பில்லை. தேன் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அமிலத்தன்மையும் உண்டு, கிருமிக்கு அங்கே பிழைப்பு இல்லை.

நான் பயாப்சி லேபில் டெக்னீஷியனாகக் காலம் தள்ளியவன். என் கையில் வந்ததெல்லாம் பட்டாணி அளவுச் சதைத்துண்டு. அது அழுகாமல் இருந்தால் மட்டும் போதாது. செல்லுக்குள் புரதம் இருந்த இடத்திலேயே இறுக வேண்டும். பாரஃபின் ஏற்றி, நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவினாலும் கலையக் கூடாது. அந்த அரசனின் தசையை யாரும் அப்படிச் சீவிப் பார்க்கவில்லை.

17ஆம் நூற்றாண்டில் சாராயத்தின் காலம் தொடங்கியது. ராபர்ட் பாயில் அதில் உயிரினங்களைப் போட்டு வைத்துக் காட்டினார். ஆம்ஸ்டர்டாமின் உடற்கூற்றியலாளர் ரூய்ஷ் சேர்த்த உடற்கூற்று ஜாடிகளை 1717இல் ரஷ்யாவின் மகா பீட்டர் 30,000 கில்டர் கொடுத்து வாங்கினார். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் மாண்ட ஆங்கிலேயத் தளபதி நெல்சன் பிராந்திப் பீப்பாயில் கிடந்துதான் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். சாராயத்தோடு எனக்குள்ள ஒரே வழக்கு, அது சதையைச் சுருக்கிவிடும்.

ஃபார்மலின் வந்த கதை விரல் நுனியில் தொடங்குகிறது. பிராங்க்பர்ட்டில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் அதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோல் விறைப்பதைக் கண்டார். விரலுக்கு ஆனது திசுவுக்கும் ஆகும் என்று 1893இல் எழுதினார். இன்றும் எங்கள் டப்பாக்களில் இருப்பது அவர் பயன்படுத்திய பலத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்ததே: 10 சதவீத ஃபார்மலின், அதாவது ஏறக்குறைய 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. அது புரதங்களுக்கு இடையே பாலம் போட்டு இறுக்குகிறது. அதே வேலையை மூக்கிலும் கண்ணிலும் செய்ய வருகிறது. மூடியைத் திறந்தாலே கண் கரிக்கும். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று அதை முதல் வகுப்பில் சேர்த்தது.

அதன் பிறகு நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலேயே பழைய தேன் திரும்பி வந்தது, கூடவே வெல்லமும். ஆட்டிறைச்சித் துண்டுகளைத் தேன் கரைசலிலும் வெல்லப் பாகிலும் ஊறவைத்து, வழக்கமான சாயமேற்றி, ஃபார்மலின் ஸ்லைடுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிறு துண்டுகளில் இவை ஓரளவு ஈடுகொடுத்தன. பழச்சர்க்கரை அமிலச் சூழலில் சிதைந்து ஆல்டிஹைடுகளாகி, புரதத்தைப் பிணைக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். சாயமும் இயற்கைச் சரக்குதான் என்பது பலருக்குத் தெரியாது; ஹிமாடாக்சிலின் நடு அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுப்பது.

எனக்கு வெல்லத்தின் மேல்தான் சந்தேகம். கடையில் பளிச்சென்று மஞ்சளாக இருப்பதில் பெரும்பாலும் ஹைட்ராஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்டிருப்பார்கள். ரசாயனம் வேண்டாமென்று வாங்கிய சரக்குக்குள்ளேயே ரசாயனம். கருத்த வெல்லமானாலும் ஆலைக்கு ஆலை, பருவத்துக்குப் பருவம் மாறும். நீர்த்த தேனில் பூஞ்சை பிடிக்கும். எறும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு தடையும் உண்டு. ஆண்டிபாடிகளைக் கொண்டு புற்று எந்த வகை என்று சொல்லும் இம்யூனோ சோதனைகள் பெரும்பாலும் ஃபார்மலினில் இறுகிய திசுவுக்கென்றே அளந்து வைக்கப்பட்டவை. வெல்லத்தில் ஊறிய மார்பகக் கட்டிக்கு அதே அளவுகள் பொருந்துமா என்பதை ஒவ்வொரு ஆண்டிபாடிக்கும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.