மூத்தாவில் தந்தையை இழந்த பிள்ளைகள்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, ஜுமாதல் ஊலா மாதம். மதீனாவில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் அன்றைய வீட்டு வேலைகளை முடித்திருந்தார்கள். ரொட்டிக்கு மாவு பிசைந்தாயிற்று. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, தூய்மையாக வைத்திருந்தார்கள். கணவர் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் வடக்கே ஷாம் எல்லைக்குச் சென்ற படையில் இருந்தார்கள்.

அந்த நேரத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டிற்கு வந்தார்கள். ஜஃபருடைய பிள்ளைகளைத் தம்மிடம் அழைத்து வரச் சொன்னார்கள். வந்த பிள்ளைகளை அருகில் இழுத்து முகர்ந்தார்கள். அவர்களுடைய கண்களிலிருந்து நீர் வழிந்தது. அதைப் பார்த்த பின்னரே அஸ்மா (ரலி) அவர்கள், ஜஃபரைப் பற்றி ஏதேனும் செய்தி வந்ததா என்று கேட்டார்கள். அன்றைய தினம் அவர் கொல்லப்பட்டுவிட்டார் என்று நபியவர்கள் அறிவித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியின் வரிசை கவனத்திற்குரியது. மௌத்துச் செய்தி சொல்லப்படுவதற்கு முன்பே பிள்ளைகள் அணைக்கப்பட்டார்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. மய்யித்து வீட்டில் முதலில் அப்புறப்படுத்தப்படுவது சிறு பிள்ளைகள்தாம். பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம். வாப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று பொய்யும் சொல்லி வைக்கிறோம். பிள்ளையின் முன் பெரியவர்கள் அழக்கூடாது என்பது நம்முடைய எண்ணம். ஆனால் அந்த மூன்று சிறுவர்களும் தங்கள் தந்தைக்காக முதலில் கண்ட கண்ணீர் அல்லாஹ்வின் தூதருடைய கண்ணீராக இருந்தது.

அப்துல்லாஹ், முஹம்மத், அவ்ன் என்ற அந்த மூவருக்கும் மதீனா இன்னும் புதிய ஊர்தான். குறைஷிகளின் கொடுமைக்குத் தப்பி ஹிஜ்ரத் செய்த பெற்றோருக்கு அபிசீனியாவில் பிறந்தவர்கள் அவர்கள். நஜ்ஜாஷி மன்னரின் அவையில் முஸ்லிம்களுக்காகப் பேசியவர் அவர்களின் தந்தை. ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றியின்போதுதான் அக்குடும்பம் திரும்பி வந்தது. கைபரின் வெற்றியா, ஜஃபரின் வருகையா, எது தமக்கு அதிக மகிழ்ச்சி என்று சொல்ல இயலாத அளவுக்கு நபியவர்கள் மகிழ்ந்தார்கள். ஓராண்டு சற்றே கடந்திருக்கும். இன்றைய ஜோர்தானில் உள்ள மூத்தாவை நோக்கி 3,000 பேர் கொண்ட படை புறப்பட்டது. ஸைத் இப்னு ஹாரிஸா, ஜஃபர், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தளபதிகளும் ஒருவர் பின் ஒருவராக ஷஹீதானார்கள். ஜஃபர் (ரலி) அவர்கள் இரு கைகளும் வெட்டுண்ட நிலையிலும் கொடியை மார்போடு அணைத்து நின்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அக்கைகளுக்குப் பகரமாகச் சுவனத்தில் இரு சிறகுகள் வழங்கப்பட்டன என்ற நற்செய்தியால் ‘துல் ஜனாஹைன்’, இரு சிறகுடையவர், என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது.

செய்தி கேட்ட அன்றே நபியவர்கள் ஒரு கட்டளையிட்டார்கள்: ஜஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களைத் திசைதிருப்பும் துயரம் வந்திருக்கிறது. பிசைந்து வைத்த மாவு அங்கே அப்படியே கிடந்திருக்கும். அக்கம்பக்கத்தார் சமைத்து அனுப்பும் வழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று தந்தையை இழந்த வீட்டார் கடன் வாங்கி ஊருக்கே விருந்து வைக்கும் வழக்கமும் பல இடங்களில் ஒட்டிக்கொண்டுள்ளது. செலவாவது யதீம்களின் பங்கும் சேர்ந்த பணம் என்பதை உண்ண வருவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்று நாள்கள் அக்குடும்பத்தைத் துக்கத்தோடு இருக்க விட்டுவிட்டு நபியவர்கள் மீண்டும் வந்தார்கள். இனி என் சகோதரருக்காக அழ வேண்டாம் என்றார்கள்; அவருடைய பிள்ளைகளைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அப்போது தாங்கள் குஞ்சுகளைப் போல் இருந்ததாக அப்துல்லாஹ் (ரலி) அவர்களே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். நபியவர்கள் நாவிதரை வரவழைத்து, பிள்ளைகளின் தலையை மழிக்கச் செய்தார்கள். மூன்று நாள்களுக்கு முன் எண்ணெய் தடவிச் சீராக இருந்த தலைகள் அவை. துயரத்தில் ஆழ்ந்த தாயால் அவற்றைப் பேண முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு நபி, ஒரு படையின் தலைவர், மூன்று சிறுவர்களின் தலைமுடியைக் கவனிக்கிறார். ஆறுதல் உரை எதுவும் இதற்கு ஈடாகுமா?

பிறகு முஹம்மதைப் பார்த்து, இவர் எங்கள் பெரிய தந்தை அபூதாலிபைப் போன்றவர் என்றார்கள். அப்துல்லாஹ்வைப் பார்த்து, தோற்றத்திலும் குணத்திலும் என்னைப் போன்றவர் என்றார்கள். தந்தை போய்விட்ட பிள்ளைக்குத் தான் யாருடையவன் என்ற கேள்வி எழுமல்லவா? அதற்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. அப்துல்லாஹ்வின் கையைப் பிடித்து உயர்த்தி, ஜஃபரின் குடும்பத்துக்கு அவருக்குப் பகரமாக நீயே இருப்பாயாக என்றும், அப்துல்லாஹ்வின் வியாபாரத்தில் பரக்கத் செய்வாயாக என்றும் துஆ செய்தார்கள். தாய் பிள்ளைகளின் அநாதை நிலையை எடுத்துரைத்தபோது, இம்மையிலும் மறுமையிலும் நானே அவர்களின் பொறுப்பாளனாக இருக்க, வறுமைக்கா அஞ்சுகிறீர் என்று கேட்டார்கள்.

அந்தப் பொறுப்பு சொல்லோடு நின்றுவிடவில்லை. நபியவர்கள் பயணத்திலிருந்து திரும்பும்போது குடும்பத்துச் சிறுவர்கள் எதிர்கொண்டு அழைப்பது வழக்கம். ஒருமுறை அப்துல்லாஹ்வை முதலில் கொண்டு சென்றார்கள். அவரைத் தமக்கு முன்னால் ஏற்றிக்கொண்டார்கள். பின்னர் வந்த ஃபாத்திமா (ரலி) அவர்களின் மகனைத் தமக்குப் பின்னால் அமர்த்தினார்கள். மூவரும் ஒரே வாகனத்தில் மதீனாவுக்குள் நுழைந்தார்கள். சொந்தப் பேரனுக்குப் பின்னிருக்கை, யதீமுக்கு முன்னிருக்கை.

அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வளர்ந்து, அலீ (ரலி) அவர்களின் மகள் ஸைனபை மணந்தார்கள். அரபுலகின் பெரும் கொடையாளிகளுள் ஒருவராகப் பெயர் பெற்றார்கள். அது தந்தையின் குணமும்கூட. ஏழைகளை வீட்டுக்கு அழைத்துச் சென்று உள்ளதை ஊட்டியவர், ஒன்றுமே இல்லாதபோது காலியான நெய்த் துருத்தியைக் கிழித்து, அதில் ஒட்டியிருந்ததை நக்கி உண்ணக் கொடுத்தவர் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஜஃபரைப் பற்றிக் கூறியிருக்கிறார்கள்.

மூத்தா களத்தில் ஜஃபர் (ரலி) அவர்களின் உடலருகே நின்று காயங்களை எண்ணியவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள். ஐம்பது காயங்கள்; அவற்றுள் ஒன்றுகூட முதுகில் இல்லை. அதே இப்னு உமர் பின்னாளில் ஜஃபரின் மகனுக்கு ஸலாம் உரைக்கும்போது அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இரு சிறகுடையவரின் மகனே என்றுதான் அழைப்பார்கள்.