ஆய்வில் பங்கேற்போரின் இரகசியத் தகவலும் வெளி நிறுவனத் தரவுத் தளங்களும்

சுகாதார ஆய்வுக்காக வீடு வீடாக வரும் களப்பணியாளர்கள் இப்போது விடைகளைப் பெரிதும் கைப்பேசிச் செயலியிலேயே பதிகின்றனர். பல ஆய்வுகளில் அப்பதிவுகள் வேறொரு நிறுவனம் நடத்தும் இணையத் தளத்தில் சேமிக்கப்படுகின்றன.

பெயரை நீக்கினால் போதும் என்பது பரவலான எண்ணம். வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊரில் அது போதாது. ‘வயது 52, விசைப்படகு உரிமையாளர், காசநோய்’ என்ற ஒரு வரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய ஊர்களுக்கும் இது பொருந்தும். 1990-களில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலுடன் ஒப்பிட்டு, மாநில ஆளுநரின் பதிவையே லத்தான்யா ஸ்வீனி கண்டறிந்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே அதற்குப் போதுமாயின.

ஆகவே பிறந்த தேதிக்குப் பதிலாக வயது வரம்பும், ஊர்ப் பெயருக்குப் பதிலாகக் கொம்யூன் பெயரும் பதிவது நலம். பெயரையும் பதிவு எண்ணையும் இணைக்கும் பட்டியல் வெளித் தளத்தில் ஏற்றப்படலாகாது. செயலி தானாகவே வீட்டின் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கவனிக்கப்படாதது இதுவே.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி, தரவைக் கையாள வெளி நிறுவனத்தை அமர்த்தினாலும் பொறுப்பு அமர்த்தியவருடையதே. ஆய்வுகளுக்கு அச்சட்டத்தில் நிபந்தனையுடன் விலக்கு உண்டு. எனினும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இரகசியக் காப்பை வலியுறுத்துகின்றன.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன், தகவல் எங்கே, எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்ப்பர், இடையில் விலகினால் நீக்கப்படுமா என்று கேளுங்கள். பங்கேற்க மறுப்பதால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படலாகாது.