ஆடிக்குப் பின்னே ஒரு பொருள்: மாயப்பொருள் பற்றிய ஒரு மறுசிந்தனை

குவியாடி மாயபிம்பத்தை மட்டுமே தரும். சமதள ஆடியின் பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது. பள்ளி இயற்பியலில் இவ்விரண்டும் பெரும்பாலும் நிபந்தனை ஏதுமின்றி விதிகளாகவே சொல்லித்தரப்படுகின்றன. அந்த வடிவில் இரண்டுமே பிழை. ஆடியின் முன் இருப்பது மெய்ப்பொருளாக இருந்தால்தான் அவை பொருந்தும். இந்த நிபந்தனை விடுபட்டுப்போவதற்குக் காரணம், மாயப்பொருளைக் கணக்கில் குறி மாற்றிப் போடும் ஓர் உத்தியாக ஒதுக்கிவைத்திருப்பதே என்று கருதுகிறேன். மாயப்பொருளுக்கு இடம் தராத ஒளியியலில் பொருளுக்கும் பிம்பத்துக்கும் சரியான வரையறையே அமையாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஓர் ஆடியின் முன் விளக்கு எரிகிறது என்று கொள்வோம். ஆடியின் பரப்பை வந்தடைவது விளக்கிலிருந்து விரிந்து வரும் ஒளியலை. பொருள் தொலைவு என்று நாம் எழுதுவது, அந்த அலைமுகப்பு ஆடியைத் தொடும்போது அதற்குள்ள வளைவின் ஆரத்தையே. விரிந்து வரும் அலைக்கு வளைவின் மையம் ஆடிக்கு முன்னே இருக்கும். இணைக்கதிர்களுக்கு அது முடிவிலியில் இருக்கும். ஒரு புள்ளியை நோக்கிக் குவிந்துகொண்டே வரும் அலையின் மையமோ, ஆடி குறுக்கிடாதிருந்தால் கதிர்கள் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய இடத்தில், ஆடிக்குப் பின்னே அமையும். அந்த மையம்தான் மாயப்பொருள். விரிதலிலிருந்து இணைநிலை வழியாகக் குவிதலுக்கு அலையின் வளைவு இடைவெளியின்றி மாறக்கூடியது. அதன் ஒரு பாதியை மட்டும் பொருள் என்று ஏற்று, மறுபாதியைத் தள்ளிவிட இயற்பியல் காரணம் எதுவும் இல்லை.

ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இதற்கு நல்ல சான்று. அதன் முதன்மை ஆடி 2.34 மீட்டர் விட்டமுள்ள குழியாடி. குவிய விகிதம் 3.25, ஆகவே குவியத்தூரம் ஏறத்தாழ 7.6 மீட்டர். அந்தக் குவியத்திலேயே கருவியை வைத்துப் படமெடுத்தால், அங்கே விழுவது விண்மீனின் மெய்பிம்பம். அதே தொலைநோக்கியைக் காஸ்கிரெய்ன் முறையில் இயக்கும்போது, கதிர்கள் அந்தக் குவியத்தை எட்டுவதற்கு முன்பே சிறிய குவியாடி ஒன்று அவற்றை மறித்துத் திருப்புகிறது. முதன்மை ஆடியின் நடுவிலுள்ள துளை வழியே கதிர்கள் வெளிவந்து, குவிய விகிதம் 13 ஆக, பின்புறத்தில் குவிகின்றன. சற்று முன் மெய்பிம்பம் இருந்த புள்ளிக்கு இப்போது ஒளியே செல்வதில்லை. ஆனாலும் குவியாடிக்கு அதுவே பொருள். அதன் பிம்பம் நான்கு மடங்கு பெரியது, திரையில் பிடிக்கத்தக்கது. மெய், மாயம் என்பவை அந்தப் புள்ளியின் குணங்களாக இருந்திருந்தால், ஓர் ஆடியைப் பொருத்தியதும் அவை மாறியிருக்காது. அவை கதிர்க்கற்றைக்கும் அது சந்திக்கும் பரப்புக்கும் இடையிலுள்ள உறவையே குறிக்கின்றன.

எண்களோடு பார்க்க ஹபிள் விண்தொலைநோக்கி வசதியானது. அதன் முதன்மை ஆடியின் குவியத்தூரம் சுமார் 5.5 மீட்டர். 4.9 மீட்டரிலேயே இரண்டாம் ஆடி கதிர்களை மறிக்கிறது. எனவே மாயப்பொருள் அந்தக் குவியாடிக்குப் பின்னே ஏறத்தாழ 61 சென்டிமீட்டரில் இருக்கிறது. குவியாடியின் சொந்தக் குவியத்தூரமோ 68 சென்டிமீட்டர். பொருள் குவியத்தைவிடச் சற்றே அருகில் இருப்பதால், பிம்பம் ஆடிக்கு முன்னே, ஆறு மீட்டருக்கும் அப்பால், மெய்யாக அமைகிறது. மாயப்பொருள் சரியாகக் குவியத்தில் இருந்தால் கதிர்கள் இணையாகத் திரும்பும். அதற்கும் அப்பால் போனால்தான் குவியாடி, பாடநூல் சொல்வதுபோல், மாயபிம்பம் தரும்.

காஸ்கிரெய்னுக்கு முன்பே இந்தக் கருத்து கருவிகளில் வேலை செய்துகொண்டிருந்தது. 1668-இல் நியூட்டன் செய்த தொலைநோக்கியில், குவிந்து வரும் கதிர்களைக் குழாயின் பக்கவாட்டுக்குத் திருப்புவது சாய்ந்த ஒரு சமதள ஆடி. அதன் பொருள் மாயம், பிம்பம் மெய். மாறாக, 1663-இல் ஜேம்ஸ் கிரெகரி முன்வைத்த அமைப்பில் இரண்டாம் ஆடி குழியாடி. அது குவியத்தைத் தாண்டி நிற்கிறது. அதனால் முதல் பிம்பம் முழுதாக உருவாகி, மெய்ப்பொருளாகவே அதைச் சென்றடைகிறது. குவியத்துக்கு முன்னா பின்னா என்பதைத் தவிரப் பொருளின் தன்மையில் வேறு எந்த வேறுபாடும் இல்லை.

மெய்பிம்பம் இடைமறிக்கப்பட்டால் மாயப்பொருளாகிறது. மாயபிம்பமோ அடுத்த ஆடிக்கு எப்போதும் விரியும் கதிர்களைத் தருவதால் மெய்ப்பொருளாகிறது. பெயர்கள் இப்படிக் குறுக்கே பிணைந்திருப்பதுதான் மாணவர்களைத் தடுமாறச் செய்கிறது. இதை விளக்காமல் குறியீட்டு மரபை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

என் வாதத்தின் வலுவான தூண் ஒளியின் மீள்தன்மை. மெய்ப்பொருளிலிருந்து வரும் ஒளிக்குக் குவியாடி மாயபிம்பம் தருகிறது. ஒவ்வொரு கதிரையும் வந்த வழியே திருப்பி அனுப்பினால், கதிர்கள் ஆடிக்குப் பின்னுள்ள அதே புள்ளியைக் குறிவைத்து வந்து, எதிரொளித்து, பொருள் இருந்த இடத்தில் மெய்யாகவே கூடும். மாயபிம்பத்தை ஏற்றுக்கொண்டு மாயப்பொருளை மறுப்பவர் மீள்தன்மையையும் மறுத்தாக வேண்டும்.

இது கணக்குக்கான கற்பனைதானே என்ற மறுப்புக்குச் செவ்வியல் காஸ்கிரெய்ன் அமைப்பே விடை தருகிறது. அதில் முதன்மை ஆடி பரவளையம், இரண்டாவது அதிபரவளையம். அதிபரவளையத்துக்குக் குவியங்கள் இரண்டு. ஒன்றைக் குறிவைத்து வரும் கதிர் எதிரொளித்து மற்றொன்றுக்குச் செல்லும். ஒரு குவியம் இறுதிப் பிம்பத்தின் இடம். மற்றது மாயப்பொருளின் இடம். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றுபவர் அந்த ஒளியற்ற புள்ளியைக் கொண்டுதான் பரப்பின் வடிவத்தையே தீர்மானிக்கிறார்.

கடினமான கேள்வி கண்ணைப் பற்றியது. ஐசக் பாரோ 1669-இல் வெளியிட்ட ஒளியியல் விரிவுரைகளின் முடிவில் இதை எழுப்பினார். குழியாடியோ குவிலென்சோ குவித்து அனுப்பும் கதிர்களை, அவை கூடுவதற்கு முன்பே கண் ஏற்றால், பொருள் எங்கே தோன்றும்? கதிர்களைப் பின்னோக்கி நீட்டினால் அவை எங்கும் சந்திப்பதில்லை. கூடுமிடமோ தலைக்குப் பின்னே. ஆனால் பார்ப்பவருக்குப் பொருள் எதிரிலேதான், மங்கலாகத் தெரிகிறது. கூடுமிடத்தைக் கண் நெருங்க நெருங்க மங்கல் கூடி, பொருள் அருகில் வருவதுபோல் தோன்றுகிறது. பின்னோக்கி நீட்டிய கதிர்கள் சந்திக்கும் இடத்தில்தான் பொருள் தோன்றும் என்ற தம் கோட்பாட்டோடு இது பொருந்தவில்லை என்று பாரோ வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்காகக் கோட்பாட்டைக் கைவிடவும் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1709-இல் மெய்யியலாளர் பார்க்லி இதையே பிடித்துக்கொண்டு, தொலைவை நாம் கதிர்களின் வடிவியலால் அறிவதில்லை, மங்கல் போன்ற உணர்வுகளை அனுபவத்தால் பழகியே அறிகிறோம் என்று வாதிட்டார்.

தொலைவுணர்வு பற்றி பார்க்லி சொன்னதை ஏற்கலாம். ஆனால் கண்ணின் லென்சுக்கு இங்கே என்ன நேர்கிறது என்பது வடிவியல் கேள்வியாகவே மிஞ்சுகிறது. அதற்கு விடை மாயப்பொருள்தான். இயல்பான கண் தளர்ந்த நிலையில் இணைக்கதிர்களையே விழித்திரையில் குவிக்கும். குவிந்து வருபவை விழித்திரைக்கு முன்பே கூடிவிடுவதால் மங்கல் உண்டாகிறது. தூரப்பார்வைக் குறையுள்ள கண் வேறுவகை. தளர்ந்த நிலையில் அதற்குக் குவிந்து வரும் கதிர்களே தேவை. அதன் சேய்மைப்புள்ளி தலைக்குப் பின்னே இருக்கிறது. அத்தகைய கண் ஏற்ற இடத்தில் நின்றால், பாரோவின் ஆடிக்குள் தெளிவாகவே பார்க்கும். இக்குறையுள்ளவர்கள் அணியும் குவிலென்சுக் கண்ணாடி செய்வதும் இதையே: தொலைவிலுள்ள பொருளின் பிம்பத்தை அந்தச் சேய்மைப்புள்ளியில் அமைத்து, அதைக் கண்ணுக்கு மாயப்பொருளாகக் கொடுக்கிறது.